பொன்முகலியும் பழைய நிழற்படங்களும்

ரேணிகுண்டாவில் வாழும் தமிழர்களுக்குச் சுவர்ணமுகி ஆறு புதியதன்று. சந்திரகிரி மலைப்பகுதியில் தோன்றி, திருப்பதிக்கு அருகாகவும் காளத்தி வழியாகவும் சென்று வங்கக் கடலில் கலக்கும் இவ்வாற்றைத் தமிழ் நூல்கள் பொன்முகலி என்று அழைக்கின்றன. கண்ணப்பர் வரலாற்றைக் கேட்டவர்கள் அப்பெயரை அறிவார்கள். ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே கிடக்கும் இந்த ஆற்றங்கரை ஊரில் 1516 ஆம் ஆண்டு கிருஷ்ணதேவராயர் எழுப்பிய இராஜகோபுரம், 2010 மே 26 அன்று இடிந்து வீழ்ந்தது. இன்று நாம் காண்பது புதிதாகக் கட்டப்பட்ட கோபுரம். பழையதைக் காண விரும்புவோர் நிழற்படங்களையே நாட வேண்டியவராயினர்.

கோபுரம் ஒரே நாளில் வீழ்வதால் அதன் மறைவை எல்லோரும் உணர்கிறோம். ஆறும் நிலமுமோ சிறிது சிறிதாக மாறுகின்றன. ஆகவே அம்மாறுதல் நம் கண்ணில் படுவதில்லை. அதைக் காட்டவும் பழைய படங்களே துணை செய்கின்றன.

இதற்கு வைகையைச் சான்றாகக் கூறலாம். 1856 இல் சென்னை அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரியை நிழற்படக்காரராக நியமித்தது. அவர் 1857 இறுதியில் புறப்பட்டு, திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய இடங்களைப் படம் பிடித்தார். கோயில்களும் அரண்மனைகளுமே அவர் எடுத்தவற்றுள் மிகுதி. எனினும், வைகையாற்றையும் மதுரைக்குச் செல்லும் தரைப்பாலத்தையும் ஒரு படத்தில் பதிந்து வைத்தார். பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வைகைக்கு நீர் கொணர்ந்தது 1895 இல். வைகை அணை திறக்கப்பெற்றது 1959 இல். எனவே, அவ்விரண்டிற்கும் முந்திய வைகையை நாம் அப்படத்தில் காண்கிறோம்.

ஆயினும், நிழற்படத்தையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். மெழுகூட்டிய காகிதத்தில் படம் பதிய நெடுநேரம் பிடித்தது. ஆதலால் அசைந்து சென்ற மக்கள் அதில் தெளிவாக விழுவதில்லை. வெறுமையாகத் தோன்றும் வானத்தில் டிரைப் தம் கையாலேயே மேகங்களைத் தீட்டியதும் உண்டு. படத்தில் ஆளில்லை என்பதால் ஊரில் ஆளில்லை என்று முடிவு செய்தல் தவறாகும். 1859 இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் இப்பணியை ஆடம்பரம் எனக் கருதி நிறுத்திவிட்டார்.

பிற நாட்டார் இதன் பயனை முன்னதாகவே எண்ணிப் பார்த்ததும் உண்டு. அமெரிக்காவில் அப்பலேச்சிய மலைநாட்டில் நாரிஸ் அணை எழும் முன், நீரில் மூழ்கவிருந்த பள்ளத்தாக்கின் வீடுகளையும் குடும்பங்களையும் லூயிஸ் ஹைன் என்பவர் 1933 இல் படமெடுத்தார். அணை 1936 இல் முடிவுற்றது. அவ்வூர்களின் வாழ்வு இன்று அப்படங்களில்தான் நிலைத்திருக்கிறது.

நம் பொன்முகலிக்கு அத்தகைய தொகுப்பைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காளத்திக் கோபுரத்தின் முன் நின்று குடும்பத்தோடு எடுத்துக்கொண்ட படம் பல வீடுகளின் பெட்டிகளில் இருக்கும். அதில் நம் முகங்களை மட்டும் பார்த்து மூடிவிடுகிறோம். பின்னணியில் தோன்றும் கோபுரம், மணல், மரம், படித்துறை யாவும் வரலாறே. இடமும் ஆண்டும் அறிந்த முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே, அவற்றைப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதி வைப்போமாக. குறிப்பில்லாத படம் பேச மாட்டாது. ஒரு வரி எழுதிவிட்டால் அதுவே பொன்முகலியின் சாட்சியாகிவிடும்.