வைகாசிக் குன்று

யாழ்ப்பாணத்திலே குன்றுகள் இல்லை. கீரிமலைக்குப் பெயரில் மட்டுமே மலை. போய்ப் பார்த்தால் கேணியும் கடலும்தான். சமதரையில் சைக்கிள் மிதித்து வளர்ந்த நாம், எமது பிள்ளைகளை ஒரு குன்றின் சரிவில் நடக்கப் பழக்குவோம் என்று நினைத்திருக்கவில்லை.

சிட்னியின் மேற்கே, பரமட்டா நகரை ஒட்டியிருக்கும் சிறு குடியிருப்பு மேய்ஸ் ஹில். 'மே' இங்கு ஓர் ஆளின் பெயர். எம்மவர் அதை மாதமாக வாசித்து வைகாசிக் குன்று என்று அழைத்தார்கள். மொழிபெயர்ப்பாகப் பார்த்தால் பிழைதான். ஆனால் விசாகம் வரும் மாதமும் குன்றும் ஒரே பெயரில் வாய்த்த இடத்தை விட்டு முருகன் வேறெங்கே போவான்?

வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கை 1901இல் சட்டமாகி, 1973இல்தான் முற்றாகக் கைவிடப்பட்டது. அதற்குப் பின் வந்த தமிழர் சிலர். 1983 ஆடிக் கலவரத்தின் பின் வந்தோர் பலர். ஹோம்புஷ், வென்ற்வேர்த்வில், ரூங்காபி என்று றெயில் பாதையோரமாகச் சிதறிக் குடியேறினோம். வேலை ஒரு திசை, பள்ளிக்கூடம் ஒரு திசை, தமிழ் வகுப்பு இன்னொரு திசை. 1985இல் குடமுழுக்குக் கண்ட ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோயிலோ நகருக்குத் தெற்கே வெகுதூரம். எல்லாவற்றுக்கும் கார் வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க நாம் கூப்பிட்டெடுத்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கார் ஓடத் தெரியாது. ஊரில் விடிய எழும்பிக் கோயிலுக்கும் சந்தைக்கும் தம் காலிலே போய்வந்தவர்கள், இங்கே மகனோ மருமகளோ வேலையால் வரும்வரை யன்னலோரம் காத்திருந்தார்கள். முதுமையின் தனிமையில் பாதி இந்தத் தூரத்தால் வந்தது.

சைவ மன்றத்தின் முயற்சியால் மேய்ஸ் ஹில் பெருந்தெருவோரம் எழுந்த சிட்னி முருகன் கோயிலுக்கு 1999 ஆனியில் கும்பாபிஷேகம் நடந்தது. அதன் பிறகு வீடு பார்ப்போரின் கணக்கில் ஒரு புதுக் கேள்வி சேர்ந்தது: "கோயிலுக்கு நடந்து போகலாமோ?" வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியும் அதன் ஸ்ரேசனும் ஒரு பக்கம், பரமட்டாக் கடைத்தெரு மறுபக்கம், இரண்டுக்கும் நடந்தே போகலாம். பழைய செங்கல் பிளாற்றுகளில் இரண்டு அறைகளுக்குள் குடும்பம் நெருக்கமாய்த்தான் இருந்தது. ஆனாலும் அம்மம்மா பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து, ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்று, வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் தானே போய்வந்தாள். காரின் பின்சீற்றில் வாய் திறவாத பிள்ளை, நடக்கும்போது கேள்வி கேட்கும். அம்மம்மாவுக்குத் தெரிந்த மொழியிலேயே கேட்க வேண்டும். சனிக்கிழமை வகுப்பில் பிடிபடாத தமிழ் கொஞ்சம் இந்தச் சரிவில் பிடிபட்டது.

இவ்வளவோடு எமது கதையை முடித்துவிட மனம் ஒப்பவில்லை. பெருந்தெருவின் அப்பால் தெரியும் புல்வெளி, ஒருகாலத்தில் ஆளுநரின் வளவாக இருந்தது. 1788 கார்த்திகையில் ஆங்கிலேயர் இங்கு குடியேற முன்பு, இது தாருக் மொழி பேசிய பரமட்டகல் மக்களின் நிலம். விலாங்குகள் கிடக்குமிடம் என்பதே பரமட்டா என்ற சொல்லின் பொருள். 1797இல் பெமுல்வுய் தன் ஆட்களோடு இந்த நகருக்குள் வந்து படையினரை எதிர்த்து நின்று, குண்டுக்காயத்துடன் பிடிபட்டான். கால்விலங்கோடு தப்பிப் போனவனை 1802இல் சுட்டுக் கொன்றார்கள்.

கோயிலிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், 1815இல் ஆளுநர் மக்வாரி சுதேசிப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் திறந்தார். சேர்ந்த பிள்ளையைப் பெற்றார் திரும்பக் கூட்டிப்போக முடியாது. ஆண்டில் ஒருநாள் பார்க்கலாம். அங்கு படித்த மரியா என்ற சிறுமி 1819இல் குடியேற்ற நாட்டுப் பரீட்சையில் வெள்ளைப் பிள்ளைகளையும் முந்தி முதற் பரிசு பெற்றாள். பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டு பிள்ளையின் எதிர்காலத்தை அளந்து பழகிய நாம், இந்தப் பெறுபேற்றின் விலையை யோசிக்க வேண்டும். அவளை அனுப்பிய வீட்டில் அவளோடு பேசிக்கொண்டு நடக்க எந்த அம்மம்மாவுக்கு அனுமதி இருந்தது?

எமது பிள்ளைகளை எவரும் எம்மிடமிருந்து பறிக்கவில்லை. நிலத்தை இழந்து வந்த நாம், நிலத்தை இழந்தவர்களின் குன்றிலேதான் எமது தெய்வத்தை வைத்திருக்கிறோம். வீடு வாங்கும்போது தரப்படும் உறுதிப் பத்திரத்தில் அவர்கள் பெயர் இராது. ஆகவே அதைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு எம்முடையது. கோயிலால் இறங்கி வரும்போது பிள்ளை, "இதுக்கு ஏன் வைகாசிக் குன்று என்று பேர்?" என்று கேட்டால், முருகனின் கதையைச் சொல்வோம். வீடு வந்து சேர முன்பு பெமுல்வுயின் கதையையும் மரியாவின் கதையையும் சொல்ல நேரமிருக்கும். நடந்துதானே வருகிறோம்.