பரோன் நிஷி: தங்கம் வென்ற குதிரைவீரர், உடல் கிடைக்காத அதிகாரி

1932 ஓகஸ்ட் 14, லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் கடைசி நாள். பிரதான அரங்கில் குதிரைத் தடைதாண்டல் போட்டி. தடையின் கம்பியைக் குதிரை தட்டி விழுத்தினால் 4 பிழைப்புள்ளிகள். தாண்ட மறுத்தாலும் புள்ளி ஏறும், திரும்பத் திரும்ப மறுத்தால் வெளியேற்றம். அன்றைய தடைகள் மிகக் கடினமானவை. மூன்று வீரர்களையும் முடிவுவரை கொண்டுவர எந்த நாட்டாலும் முடியாததால், அணிப் பதக்கமே வழங்கப்படவில்லை.

தனிநபர் தங்கம் யப்பானியக் குதிரைப்படை லெப்டினன்ட் தகெயிச்சி நிஷிக்குக் கிடைத்தது. 8 பிழைப்புள்ளிகள். அமெரிக்காவின் ஹரி சேம்பர்லினுக்கு 12, சுவீடனின் கிளாரன்ஸ் வொன் ரோசனுக்கு 16. ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் யப்பானுக்கு இன்றுவரை கிடைத்த ஒரே தங்கம் அதுதான். அடுத்த பதக்கம் வர 92 ஆண்டுகள் ஆகின: 2024 பாரிஸில் ஓர் அணி வெண்கலம்.

நிஷியின் பெயரை நான் முதலில் அறிந்தது விளையாட்டுப் பக்கத்தில் அல்ல, கிளின்ட் ஈஸ்ட்வூட்டின் 2006ஆம் ஆண்டுப் படமான ‘லெட்டர்ஸ் ஃப்ரம் ஐவோ ஜிமா’வில். போர்ப் படத்துக்குள் ஓர் ஒலிம்பிக் வீரர் எப்படி வந்தார் என்று தேடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

அவர் 1902இல் டோக்கியோவில் பிறந்தவர். தந்தை வெளிவிவகார அமைச்சராக இருந்த பரோன். தாய் அவருடைய சட்டபூர்வ மனைவி அல்ல. பத்து வயதளவில் தந்தை இறக்க, பட்டமும் சொத்தும் சிறுவனுக்கு வந்தன. கார், மோட்டார் சைக்கிள், குதிரை என்று வேகமான எல்லாவற்றிலும் அவருக்கு ஆசை. 1930இல் இத்தாலியில் யுரேனஸ் என்ற குதிரையைக் கண்டார். பெரிய உடம்பு, அடங்காத குணம். இராணுவம் பணம் கொடுக்காததால் தன் காசிலேயே வாங்கினார். வசதி இருந்தது, வாங்கினார். அதைத் தியாகமாக்கிச் சொல்லும் கட்டுரைகளும் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குதிரையைப் பழக்கி எடுத்ததுதான் பெரிய வேலை. வென்ற பிறகு அவர் “நான்” என்று சொல்லாமல் “நாங்கள் வென்றோம்” என்று குதிரையையும் சேர்த்துச் சொன்னாராம்.

அந்த வெற்றி வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். யப்பானியர் குடியேறுவதை அமெரிக்கா 1924இல் சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. 1931இல் யப்பானிய இராணுவம் மஞ்சூரியாவுக்குள் புகுந்திருந்தது. அப்படியிருந்தும் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் நிஷியைக் கொண்டாடியது. நடிகர்களான மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸும் அவருக்கு நண்பர்களானார்கள்.

1936 பேர்லினில் யுரேனஸோடு மறுபடி இறங்கினார், பதக்கம் இல்லை. குதிரையேற்றத்தின் ஆறு தங்கங்களையும் ஜேர்மனியே எடுத்துக்கொண்டது. 1940 ஒலிம்பிக் டோக்கியோவில் நடப்பதாக இருந்தது. சீனாவுடனான போரைக் காரணம் காட்டி யப்பான் 1938இல் அதைக் கைவிட்டது. நிஷியின் போட்டி வாழ்க்கையும் அதோடு முடிந்தது. குதிரைப்படைகள் டாங்கிப் படைகளாக மாறின, அவரும் டாங்கி அதிகாரியானார்.

1944இல் 26ஆவது டாங்கிப் படைப்பிரிவுடன் ஐவோ ஜிமா தீவுக்கு அனுப்பப்பட்டார். யூலை 18 அன்று அவர்களுடைய கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி தாக்கியது. ஆட்கள் பெரும்பாலும் தப்பினர், 28 டாங்கிகளும் கடலில் மூழ்கின. புதிய டாங்கிகளுக்காக டோக்கியோ திரும்பியவர், வயதாகிப்போன யுரேனஸைப் பார்க்கச் சென்றார் என்றும், பிடரிமயிரில் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொண்டார் என்றும் சொல்லப்படுகிறது. 22 டாங்கிகள் கிடைத்தன. எரிமலை மண்ணில் ஓட முடியாத அவை பீரங்கிக் கோபுரம்வரை புதைக்கப்பட்டு, அசையாத காவலரண்களாயின.

1945 பெப்ரவரி 19 முதல் மார்ச் 26 வரை சண்டை. தீவில் இருந்த யப்பானியர் 21,000 பேரளவில். உயிரோடு பிடிபட்டவர்கள் மிகச் சிலரே. அமெரிக்கத் தரப்பில் இறந்தோர் 6,800 பேரளவில்.

நிஷி இறந்தது மார்ச் 22 அளவில் என்கிறார்கள். அப்போது வயது 42. எப்படி இறந்தார் என்பதற்கு உறுதியான சாட்சி இல்லை. இயந்திரத் துப்பாக்கிச் சூடு என்கிறது ஒரு கதை, தன்னையே சுட்டுக்கொண்டார் என்கிறது இன்னொன்று. படம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. அமெரிக்கர்கள் ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி, சரணடையும்படி கெஞ்சினார்கள் என்ற கதைதான் மிகவும் பிரபலம். போருக்குப் பின் யப்பானில் பரவிய அந்தக் கதையை உறுதிப்படுத்த நம்பகமான ஆதாரம் இல்லை. போட்டியில் அவருடைய ஒவ்வொரு பிழைப்புள்ளியும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது, மரணத்துக்கு ஒரு வரிப் பதிவும் கிடையாது. அந்த இடத்தில் கதைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. உடல் கிடைக்காத வீட்டில் எத்தனை கதைகள் வந்து சேரும் என்பதை இந்தத் தளத்தின் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதே மார்ச் மாத இறுதியில் யுரேனஸும் இறந்தது. நிஷி கொண்டுபோனதாகச் சொல்லப்படும் பிடரிமயிர் 1990இல் அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்டது. இப்போது அது ஹொக்கைடோவின் ஹொன்பெட்சு ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மனித எலும்புகளின் நிலை வேறு. தீவை அமெரிக்கா 1968இல்தான் திருப்பிக் கொடுத்தது. தேடல் இன்னும் முடியவில்லை. 10,000க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் மண்ணிலும் சுரங்கங்களிலும் கிடக்கின்றன. தற்காப்புப் படையின் விமான ஓடுபாதைக்குக் கீழேயும் எலும்புகள் இருக்கலாம் என்று அங்கேயும் தேடியிருக்கிறார்கள். 2010இல் பாரிய புதைகுழிகள் இருந்த இரண்டு இடங்கள் அடையாளம் காணப்பட்டன. அதற்கு உதவியவை அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் இருந்த பழைய இராணுவக் கடதாசிகள். புதைத்தவர்களே எழுதிவைத்த இடக்குறிப்புகள், 65 ஆண்டுகள் கழித்து. அந்த ஆண்டு டிசம்பரில் பிரதமர் நவோட்டோ கான் நேரில் போய் அஞ்சலி செலுத்தினார். ஒரு பிரதமரை அந்தக் குழிகளின் அருகே கொண்டுவந்து நிறுத்தியதில், பல ஆண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த குடும்பங்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். எடுக்கப்படும் எலும்புகள் மரபணுச் சோதனைக்குப் போகின்றன, பெயர் தெரியவருவது மிகச் சிலருக்கே. பெயர் தெரியாதவை டோக்கியோவின் சிதொரிகஃபுசி தேசிய நினைவிடத்தில் வைக்கப்படுகின்றன.

போருக்கு முன் அந்தத் தீவில் ஆயிரம் பேரளவில் பொதுமக்கள் வாழ்ந்தார்கள். கரும்பு பயிரிட்டார்கள், கந்தகம் தோண்டினார்கள். 1944இல் படை அவர்களை வெளியேற்றியது, உடல் வலுவுள்ள ஆண்களில் ஒரு பகுதியினர் வேலைக்கென்று நிறுத்திவைக்கப்பட்டனர். மீள்குடியேற அவர்களுக்கு இன்றுவரை அனுமதி இல்லை. பேரப்பிள்ளைகள் அனுமதி பெற்றுக் கல்லறைகளைப் பார்க்கப் போய், தங்காமல் திரும்பி வருகிறார்கள்.