நள்ளிரவு வைத்தியமும் அதன் விலையும்

ஹைதராபாத்தில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் நாய் நள்ளிரவில் நோயுற்றால், பகற்கட்டணம் செல்லுபடியாவதில்லை. காரணம் பழையது. நம் நாட்டில் கால்நடை மருத்துவம் படைக்குதிரைக்கும் உழவு மாட்டுக்குமாக வளர்ந்தது. வேப்பேரிக் கல்லூரி 1903-இல் 20 மாணவர்களுடன் தொடங்கிய காலத்தில் வீட்டு நாயைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

துயருறும் பிராணிகளுக்கென 1959-இல் சென்னையில் காப்டன் சுந்தரம் புளூ கிராஸைத் தோற்றுவித்தார். 1992-இல் ஹைதராபாத்தில் அப்பெயரிலேயே ஓர் அமைப்பை நிறுவியவர் அமலா. தமிழ்ப் படவுலகம் நன்கறிந்தவரே. இவை நன்கொடையால் நடப்பவை. தனியார் மருத்துவமனையோ ஒரு பிராணியும் வராத இரவிலும் மருத்துவரையும் உதவியாளரையும் விழித்திருக்கச் செய்யவேண்டும். அவ்வெறும் இரவுகளின் செலவு, வந்த நாயின் கணக்கில் ஏறுகிறது.

பொழுது விடியட்டும் என்று காத்திருப்போரும் நம்மிடையே உண்டு. இரைப்பை முறுக்கிக்கொண்ட நாய் பெரும்பாலும் அதுவரை தாங்குவதில்லை.