கழட்டிப் பார்த்தால்தான் தெரியும்!

கோவை கணபதி பக்கம் ஏதாவது ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்குள் நுழைந்து, 'என்னங்ணா கோளாறு?' என்று கேட்டுப் பாருங்கள். 'கழட்டிப் பாக்காம எப்படிங் சொல்றது?' என்று பதில் வரும். 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்த ஊர். இங்கே திருப்புளிதான் முதல் வாத்தியார்.

மூளை ஆராய்ச்சிக்கும் ஒருமுறை இந்த வைத்தியம் தேவைப்பட்டது.

பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிற மூளை, நடுவே சிவப்பாக ஒரு திட்டு. 'பயந்தால் இந்த இடம் வேலை செய்கிறது' என்று கீழே குறிப்பு. அதை போட்டோ என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! ஆக்ஸிஜன் உள்ள ரத்தமும், அதை இழந்த ரத்தமும் காந்தப்புலத்தில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. 1990-ல் செய்ஜி ஒகாவா இதை வைத்து மூளையின் வேலையைக் கண்காணிக்க வழி சொன்னார். ஸ்கேனர் தருவது வெறும் எண்கள். மூளையைப் பல்லாயிரம் குட்டிக் கனசதுரங்களாகப் பிரித்து, புள்ளியியல் கணக்குப் போட்டு, சிவப்புச் சாயம் பூசுவது மென்பொருள்தான்.

அப்படியொரு மென்பொருள் 'ஆஃப்னி'. 1994-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் காக்ஸ் எழுதியது. விலை கிடையாது. அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். லண்டனின் 'எஸ்.பி.எம்.', ஆக்ஸ்ஃபோர்டின் 'எஃப்.எஸ்.எல்.' ஆகியவற்றின் நிரல்களையும் திறந்தே வைத்திருந்தார்கள்.

அதே விஸ்கான்சின் கல்லூரியில் படித்த இந்தியர் பரத் பிஸ்வால். ஒருவர் விரலைக்கூட அசைக்காமல் சும்மா படுத்திருக்கும்போதும் மூளையின் இடது, வலது இயக்கப் பகுதிகள் சேர்ந்தே ஏறி இறங்குவதை 1995-ல் காட்டினார். 'வெறும் இரைச்சல்' என்று ஒதுக்கியவர்கள் உண்டு. மனிதர் விடவில்லை. பிற்பாடு அவரும் சகாக்களும் முப்பதுக்கும் மேற்பட்ட மையங்களிலிருந்து, ஆயிரத்துக்கும் அதிகமானவர்களின் ஸ்கேன்களைச் சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்துவிட்டார்கள்.

ஸ்வீடனில் ஆண்டர்ஸ் எக்லண்ட் குழு அதிலிருந்து 499 பேரின் ஸ்கேன்களை எடுத்தது. எல்லோரும் ஆரோக்கியமானவர்கள், எல்லோரும் சும்மா படுத்திருந்தவர்கள். அவர்களைக் கண்டபடி இரண்டு அணிகளாகப் பிரித்து மேற்சொன்ன மூன்று மென்பொருள்களிடமும் கொடுத்தார்கள். இப்படிக் கிட்டத்தட்ட 30 லட்சம் முறை! அணிகளுக்குள் வித்தியாசமே இருக்கக் கூடாது. நூற்றுக்கு 5 முறை தப்பாகச் சொன்னால் மன்னிக்கலாம். சில வகைக் கணக்குகளில் 70 வரை போனது! 2016-ல் கட்டுரை வெளியானபோது ஆய்வாளர்கள் பலருக்குத் தூக்கம் போயிருக்கும்.

முக்கியக் காரணம், கணக்கின் அடிப்படையில் இருந்த தப்பான அனுமானம். கூடவே, ஆஃப்னியின் ஒரு பகுதியில் 15 வருஷமாக உட்கார்ந்திருந்த ஒரு பிழையும் அகப்பட்டது. 2015 மே மாதமே அதைச் சரிசெய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், '40,000 ஆய்வுகள் சந்தேகத்துக்குரியவை' என்று எக்லண்ட் குழு சொன்னதே மிகை! குழுவில் ஒருவரான தாமஸ் நிக்கல்ஸ் திரும்பக் கணக்கிட்டு, சுமார் 3,500 என்றார். கட்டுரையும் திருத்தப்பட்டது.

கவனியுங்கள், அந்த 15 வருஷமும் மூடி திறந்துதான் இருந்தது. எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 'ஓப்பன் சோர்ஸ்' என்று பலகை மாட்டினால் மட்டும் பிழை ஓடிவிடாது.

தகவலைத் திறந்து வைக்கும் வழக்கம் நம் பக்கமும் வந்தாயிற்று. கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 சீவல்களில் காட்டும் 'தரணி' தொகுப்பை 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. இலவசமாக வெளியிட்டது.

ஸ்கேனர் வாங்கக் கோடிகள் வேண்டும். நிரலைப் படிக்க ஒரு கம்ப்யூட்டர் போதும். பீளமேட்டில் ஹாஸ்டல் அறையில் இருக்கும் மாணவி, கையேட்டில் ஒரு தப்பான வரியைச் சுட்டிக்காட்டலாம். சரிபார்க்கும் சோதனை ஒன்றை எழுதி அனுப்பலாம். பெரிய பங்களிப்புகள் பலவும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

கழட்டிப் பார்க்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா, என்ன!