ஒரு கடற்கரை, இரண்டு விருந்தாளிகள்

பிரான்ஸின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி, கொல்யூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. நெத்திலியை உப்பிட்டு விற்றுப் பிழைத்த செம்படவர்களின் ஊர், ஆடம்பரம் அறியாதது. 1905-ஆம் ஆண்டுக் கோடையைக் கழிக்க ஓவியர் மத்தீஸ் அங்கே வந்தார். நண்பர் தெரேனும் வந்து சேர்ந்தார். அந்த வெயில் அவர்களைச் சும்மா இருக்கவிட்டதா? கண்ட படகையெல்லாம் பளீரென்ற வர்ணங்களில் தீட்டினார்கள். அவ்வாண்டே பாரிஸ் கண்காட்சியில் ஒரு விமரிசகர் அவர்கள் கூட்டத்தைக் ‘காட்டு மிருகங்கள்’ என்றார். வசைமொழியே அந்தப் பாணிக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

1939 ஜனவரியில் இன்னொரு விருந்தாளி வந்தார். பிராங்கோவின் படைகளுக்குத் தப்பி, தள்ளாத தாயாருடன் எல்லை தாண்டிய ஸ்பானியக் கவிஞர் மச்சாதோ. பிப்ரவரி 22-இல் கண்மூடினார்; மூன்றாம் நாள் தாயாரும் போய்விட்டார். ஊரார் கல்லறையில் இடம் கொடுத்தார்கள்.

கோடைக்கு வருகிறவர்கள் இன்றும் அங்கே கவிஞருக்குக் கடிதம் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஓய்வைத் தேடி வந்தவனையும் ஓடி வந்தவனையும் ஒன்றாக ஏற்ற ஊர் அது.