மேடையும் மாளிகையும்

விக்டோரியா காலத்து லண்டனில் 'மியூசிக் ஹால்' என்ற அரங்குகள் சாமானியரின் கேளிக்கைக் கூடங்களாய் விளங்கின. அம்மேடையில் பாடிய பெண் பிரபு குலத்தில் புகுந்தால் என்ன நேரும்?

ஜெரோம் கே. ஜெரோம் 1908இல் அரங்கேற்றிய நாடகத்தின் நாயகி ஃபான்னி, பாண்டக் பிரபுவை மணந்து மாளிகைக்கு வருகிறாள். அங்குள்ள 23 பணியாளரும் அவளுடைய உறவினர்! எஜமானியைக் கண்டித்துத் திருத்த முற்படுவோரும் அவர்களே. அவையோர் சிரித்தனர்.

மெய்வாழ்வில் இத்தனை சிரிப்பில்லை. 1889இல் பெல் பில்டன் என்ற பாடகி, கிளான்கார்ட்டி பிரபுவின் மைந்தர் டன்லோவை மணந்தார். சினங்கொண்ட தந்தை மகனைக் கடல்கடந்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். மறு ஆண்டில் விவாகரத்து வழக்கு எழுந்தது. பெல்லின் நடத்தையே விசாரணைப் பொருளாயிற்று. நடுவர் குழுவினர் அவர் பக்கமே தீர்ப்பளித்தனர். 1891இல் மாமனார் மறைய, பாடகி கிளான்கார்ட்டி சீமாட்டியானார்.

இவ்விரண்டையும் ஒப்பிடுகையில் எனக்கு ஓர் உண்மை புலப்படுகிறது, நேயர்களே. குலப்பெருமையைப் பிரபு மட்டும் காக்கவில்லை. அதன் நிழலில் ஊழியம் செய்தவர்களும் அதைத் தம் உடைமையாய்க் கருதிக் காத்தனர். வழக்குமன்றம் காணாத இவ்வுண்மையை நகைச்சுவை நாடகம் கண்டுகொண்டது.