கப்பல் பட்டறையிலிருந்து இதயத்துக்கு

இதயத்திலும் புற்றுக்கட்டி வரும். அபூர்வம்தான், ஆனால் பொல்லாதது. முன்பெல்லாம் பிரேதப் பரிசோதனையில்தான் தெரியவரும். 1934-ல் அமெரிக்க மருத்துவர் பார்ன்ஸ் குழுவினர், ஈ.சி.ஜி.யையும் பரவிய கட்டியின் திசுச் சோதனையையும் வைத்து, உயிரோடிருந்தவருக்கே இதய சார்கோமாவைக் கண்டறிந்தார்கள். இதயத்துக்குள் எட்டிப் பார்க்கத்தான் வழியில்லை.

வழி திறந்தது நம்ம துறைதாங்க! உலோகத்தில் விரிசல் தேட லேபில் அல்ட்ராசானிக் கருவி பிடித்தோமே, ஞாபகம் இருக்கா? 1953-ல் ஸ்வீடனின் மால்மோ கப்பல் தளத்தில் அப்படியொரு கருவியை இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் சோதித்துப் பார்த்தார். டாக்டர் எட்லரும் அவரும் எக்கோவை உருவாக்கினார்கள். 1959-ல் ஜெர்மனியில் எக்கோவிலேயே இதயக் கட்டி தெரிந்தது.

1998-ல் ஹூஸ்டனில் டாக்டர் ரியர்டன், இதயத்தையே வெளியே எடுத்து, சார்கோமாவை வெட்டி நீக்கி, திரும்பப் பொருத்தினார். ஆனாலும் சார்கோமா பலருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. ஜூனியர் தம்பி தங்கைகளே, வேலை இன்னும் பாக்கி இருக்கு!